பாஸ்வேர்ட் அடிச்சா நீலம்

சஹ்லா: கைய எடுகா! அடிக்காத…

பஸ்னா: இந்தத் தரம் வரும் ராத்தா. பாருங்க… வெல்கம் எண்டு வந்துட்டு.

சஹ்லா: வெல்கம் எல்லாத் தரமும்தான் வருது. அங்கால பாரு… சுத்துது… சுத்துது…

பஸ்னா: நம்மட ரோசாப்பூப் படம் வந்துட்டு! ஐக்கன் எல்லாம் ஒவ்வொண்டா வருது…

சஹ்லா: இந்தா… போச்சு. நீலம்.

பஸ்னா: யா அல்லாஹ்!

சஹ்லா: காலமெ ஸ்டுடியோ திறந்ததில இருந்து இதே கூத்துதான். பாஸ்வேர்ட் கேக்குது, நல்ல மரியாதையா. குடுத்தா வாங்கிக்கிட்டு, உள்ள கால வெச்ச உடனே நீலமாகி, தன்ட பாட்டுக்கு அணைஞ்சு, திரும்ப முதல்ல இருந்து எழும்புது.

பஸ்னா: கறண்ட் கூடிக் கொறயுதோ என்னமோ…

சஹ்லா: ஃபேன் ஒரே சீராச் சுத்துது. கறண்டில குத்தம் சொல்லாத.

பஸ்னா: அப்ப சூடு. கடக்கரைக் காத்து, உப்பு, தூசி… எல்லாம் உள்ள போய் அடைச்சிருக்கும்.

சஹ்லா: நான் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சி, கோப்பையும் கழுவி வெச்சிட்டு வந்தன். அதுவரைக்கும் பாஸ்வேர்ட் கேக்கிற ஸ்கிறீன்ல கல்லு மாதிரி நிண்டுது. சூடு எண்டா அங்கயே அணைஞ்சிருக்கணும்.

பஸ்னா: … அதுவும் சரிதான்.

சஹ்லா: ஆக, மெஷினில பிழ இல்ல. பாஸ்வேர்ட் அடிச்சதுக்குப் பொறகு என்னமோ ஒண்டு எழும்பி வந்து கழுத்தப் புடிக்குது. அது ஆரெண்டு கண்டுபுடிக்கணும். அவ்வளவுதான் வேல.

பஸ்னா: அவ்வளவுதானா! அரிசியில கல்லுப் பொறுக்கிற மாதிரி சொல்றீங்க.

சஹ்லா: பின்ன? அழுதுக்கிட்டா இரிக்கச் சொல்றாய்?

ஹிமாயா: ராத்தா… முடிஞ்சிட்டா?

சஹ்லா: இன்னும் கொஞ்சம் ஹிமாயா! நீ அங்க முன் ரூமில இரி. நான் கூப்பிடுறன்.

ஹிமாயா: பகல் லுஹர் தொழுதிட்டு வேன் வெளிக்கிடுது ராத்தா. எயார்போட்டுக்கு நேரத்துக்குப் போகணும். இண்டைக்கு விட்டா மறுகா நான் கட்டாரில இருந்துதான் உங்களக் கேக்கணும்.

சஹ்லா: தெரியும்கா. உண்ட கலியாணப் படம் உண்ட கையில வராம உன்ன நான் வேன்ல ஏத்த மாட்டன்.

ஹிமாயா: குடுத்திட்டு, இங்க உள்ளத எனக்கு முன்னால அழிக்கவும் வேணும். அப்படித்தானே பேச்சு?

சஹ்லா: அதுதான் நம்மட வழமை. எந்தப் பொண்ணுட படமும் இங்க நிக்காது.

ஹிமாயா: இதுவரைக்கும்… வேற ஆரும் பாக்கல்லதானே?

சஹ்லா: … இந்த ரூமுக்குள்ள ஆம்பிளயள் வாறல்ல ஹிமாயா. நீ போய் இரி.

ஹிமாயா: ம்… சரி.

பஸ்னா: ராத்தா… பேசாம இதத் தூக்கிக்கிட்டு கல்முனைக்குப் போனா என்ன? பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு கடை இரிக்கி. அவங்க ஒரு நொடியில…

சஹ்லா: என்ன சொன்னாய்?

பஸ்னா: இல்ல, சும்மா…

சஹ்லா: இதுக்குள்ள என்ன இரிக்கெண்டு தெரியாதா உனக்கு? தலை மூடாத பொண்ணுகள். ரூமுக்குள்ள, உம்மாவும் சாச்சியும் சுத்தி நிக்க எடுத்த படம். பொம்புளயளே எடுத்து பொம்புளயளே எடிட் பண்றாங்க எண்டுதானே மருதமுனையில இருந்து அக்கரைப்பத்து மட்டும் நம்மளக் கூப்பிடுறாங்க? இதக் கொண்டு போய் ஒரு ஆம்பிளட மேசையில வெக்கிறதா?

பஸ்னா: வேணா, வேணா. வாய் தவறிட்டு.

சஹ்லா: வாயக் கழுவிட்டு, ஷிப்ட் பட்டன அமத்திப் புடி.

பஸ்னா: சேஃப் மோடா?

சஹ்லா: ஓம். தேவையானது மட்டும் எழும்பட்டும். மத்ததெல்லாம் படுத்துக் கெடக்கட்டும். அப்பயும் நீலம் வந்தா விண்டோஸ்ல பிழ. வராட்டி, நம்ம போட்ட ஏதோ ஒண்டுல பிழ.

பஸ்னா: அமத்திட்டன். நீங்க றீஸ்டார்ட்டக் குடுங்க.

சஹ்லா: பிஸ்மில்லாஹ்… ஆ, வருது. என்னென்னமோ கேக்குது.

பஸ்னா: அதில ட்றபிள்ஷூட்… இல்ல அது இல்ல, அதுக்குக் கீழ. ஓம். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ். இப்ப நாலாம் நம்பர அமத்துங்க.

சஹ்லா: இதெல்லாம் எங்க படிச்ச?

பஸ்னா: ஒலுவில் கெம்பஸுக்குச் சும்மாவா போய் வந்த? … பாஸ்வேர்ட் கேக்குது. அடிங்க. மெதுவா.

சஹ்லா: மெதுவா அடிச்சா அதுக்கு இரக்கம் வருமா? … வெல்கம்… சுத்துது… ரோசாப்பூ இல்ல. ஒரே கறுப்பு.

பஸ்னா: நாலு மூலையிலயும் சேஃப் மோட் எண்டு எழுதியிரிக்கி. நிக்குது ராத்தா! நிக்குது!

சஹ்லா: நான் சொன்னன்தானே! மெஷின் சுகமா இரிக்கி. விண்டோசும் சுகமா இரிக்கி. நம்ம போட்டதுலதான் கள்ளன்.

பஸ்னா: நிண்டதோட நிண்டதா, ஹிமாயாட படத்த இப்பயே பென் டிறைவுக்கு எடுத்தா என்ன?

சஹ்லா: ஓ… எடுக்கலாம்… அது…

பஸ்னா: பொண்ணுகள் ஃபோல்டரத் திறங்க.

சஹ்லா: … திறக்குதில்ல.

பஸ்னா: என்ன, திறக்குதில்லயா?

சஹ்லா: சேஃப் மோட்ல அப்படித்தான் இரிக்கும். எல்லாம் திறக்காது.

பஸ்னா: … ஓம் ஓம். சேஃப் மோட்ல அப்படித்தான்.

சஹ்லா: உனக்கும் தெரியுமா?

பஸ்னா: கேள்விப்பட்டிரிக்கன்.

சஹ்லா: ம்… சரி. அத உடு. கொம்பியூட்டர் எழும்பக்குள்ள கூட எழும்புற ஆக்கள்ர லிஸ்ட்ட எடு.

பஸ்னா: லிஸ்ட்டயா… அதில ஒண்டும் இரிக்காது ராத்தா. நம்ம டிறைவரப் பாப்பம்.

சஹ்லா: டிறைவருக்குப் பொறகு போவம். முதல்ல லிஸ்ட்.

பஸ்னா: நான் பாக்கிறன், நீங்க ஹிமாயாக்குத் தேத்தண்ணி குடுங்க.

சஹ்லா: ஹிமாயா குடிச்சிட்டா. மவுச இங்க தா.

பஸ்னா: நானே…

சஹ்லா: தாகா!

பஸ்னா: … இந்தாங்க.

சஹ்லா: இது பிறின்டர்ட. இது சவுண்ட். இது தமிழ் டைப்பிங். இது நம்ம எடிட் பண்றது… இதென்ன, பச்சக் குடை?

பஸ்னா: எது?

சஹ்லா: இந்தா, குடைப் படம் போட்டது. இது ஆர்?

பஸ்னா: அது… பிறின்டரோட வந்ததா இரிக்கும்.

சஹ்லா: பிறின்டருக்கு எதுக்குக் குடை? மழ பெய்யுதா?

பஸ்னா: எனக்கென்ன தெரியும். அதுக்குப் பக்கத்தில பாருங்க, ஆமை ஒண்டு இரிக்கி. அது ஆர்?

சஹ்லா: எந்த ஆமை?

பஸ்னா: கண்ணுக்கு முன்னால இரிக்கி ராத்தா. கழுத்த உள்ள இழுத்துக்கிட்டு.

சஹ்லா: அது… கமெராட. புதுக் கமெராக்கு ஒண்டு போட்டதுதானே.

பஸ்னா: கமெராக் கொம்பனிக்காரன் ஆமையவா போடுவான்?

சஹ்லா: போடுவான். நல்ல பொறுமையான கொம்பனி.

பஸ்னா: எனக்கு அந்த ஆமையப் பாத்தாத்தான் சந்தேகமா இரிக்கி. அத நிப்பாட்டிப் பாப்பமா?

சஹ்லா: ஆமைய உடு. குடைய நிப்பாட்டுவம்.

பஸ்னா: குடை பாவம் ராத்தா. முதல்ல ஆமை.

சஹ்லா: குடை.

பஸ்னா: ஆமை.

சஹ்லா: மவுஸ் எனட கையில இரிக்கி. குடைய நிப்பாட்டியாச்சு. சாதாரணமா எழுப்பிப் பாப்பம்.

பஸ்னா: சரி… உங்கட விருப்பம்.

ஹிமாயா: ராத்தா, வேன்காரர் கோல் எடுக்காரு…

சஹ்லா: வந்து நிக்கச் சொல்லு! நல்ல இடத்தில இரிக்கம்.

பஸ்னா: பாஸ்வேர்ட் கேக்குது.

சஹ்லா: அடிக்கிறன்… வெல்கம்… சுத்துது… ரோசாப்பூ…

பஸ்னா: ஐக்கன் வருது…

சஹ்லா: வாயத் திறக்காத. பாத்துக்கிட்டு இரி… நிக்குது.

பஸ்னா: நிக்குது!

சஹ்லா: அல்ஹம்துலில்லாஹ்! கண்டியா? குடைதான் கள்ளன். எனட கண்ணுக்கு அப்பயே தெரிஞ்சிட்டு. குடைய அடியோட கழட்டி எறிஞ்சிட்டா வேல முடிஞ்சுது.

பஸ்னா: கழட்ட வேணாம்… இப்போதைக்கு நிப்பாட்டினதே காணும். ஃபோல்டரத் திறங்க, நேரம் போகுது.

சஹ்லா: ஓம், ஓம். பென் டிறைவ எடு… நீ போய் அந்த அலுமாரியில பாரேன்.

பஸ்னா: பென் டிறைவ் எனட கையிலதான் இரிக்கி. திறங்க.

சஹ்லா: அப்ப… ஹிமாயாக்குக் குடுக்கிற பைய எடுத்து…

பஸ்னா: பையும் மேசையிலதான் இரிக்கி. என்ன ராத்தா, ஒரு ஃபோல்டரத் திறக்க இவ்வளவு… இதென்ன?

சஹ்லா: என்ன?

பஸ்னா: பாஸ்வேர்ட் கேக்குது! நம்மட ஃபோல்டருக்கு ஆர் பாஸ்வேர்ட் போட்ட? … ஆமை! இந்தா பாருங்க, பெட்டிக்கு மேல ஆமை நிக்குது!

சஹ்லா: சத்தம் போடாதகா. முன் ரூமுக்குக் கேக்கும்.

பஸ்னா: கமெராக் கொம்பனி நம்மட ஃபோல்டர ஏன் பூட்டுது ராத்தா?

சஹ்லா: … அங்கால திரும்பு.

பஸ்னா: ஏன்?

சஹ்லா: பாஸ்வேர்ட் அடிக்கப் போறன். திரும்பு.

பஸ்னா: … ஓ. ஆமை உங்கட ஆமையா.

சஹ்லா: நேத்து வெள்ளிக்கிழம, ஸ்டுடியோ பூட்டியிருக்கக்குள்ள தனிய வந்து போட்டன். ஃபோல்டர அப்படியே வெளியால பூட்டினன். இப்ப திறந்துட்டு. கத போதும். ஹிமாயாட பேரத் தேடு.

பஸ்னா: என்னத்துக்குப் பூட்டின?

சஹ்லா: ஹிமாயாடத் தேடுகா!

பஸ்னா: … இந்தா இரிக்கி.

சஹ்லா: இதென்ன, இதுவும் திறக்குதில்ல. உள்ளயும் ஒரு பெட்டி. இதுல… ஆ! பஸ்னா.

பஸ்னா: ஓம் ராத்தா.

சஹ்லா: இதுல குடை நிக்குது.

பஸ்னா: ஓம்.

சஹ்லா: பிறின்டரோட வந்த குடை.

பஸ்னா: … வியாழக்கிழம பின்னேரம், நீங்க போனதுக்குப் பொறகு போட்ட. ஹிமாயாடத மட்டும்தான் பூட்டின.

சஹ்லா: அப்ப வியாழன் நீ உள்ளால பூட்டின. வெள்ளி நான் வெளியால பூட்டின. உண்டத நான் காணல்ல, எனடத நீ காணல்ல. இண்டைக்குக் காலமெ பாஸ்வேர்ட் அடிச்ச உடனே ரெண்டு பூட்டும் ஒரே நேரத்தில எழும்பி…

பஸ்னா: ஒரே ஃபோல்டருக்கு அடிபட்டு…

சஹ்லா: கொம்பியூட்டரயே சாகடிச்சிருக்கு. சரி. பிழ விளங்கிட்டு. ரெண்டயும் லிஸ்ட்டில இருந்து எடு. தானா எழும்பத் தேவல்ல. இப்ப குடைய நீயே கையால திறந்து, உண்ட பாஸ்வேர்ட அடி. நான் திரும்பிக்கிறன்.

பஸ்னா: நீங்க திரும்பத் தேவல்ல.

சஹ்லா: இல்ல, திரும்புறன். நான் பாக்கக் கூடாதெண்டுதானே பூட்டின?

பஸ்னா: அப்படி இல்ல ராத்தா…

சஹ்லா: அடி.

பஸ்னா: … திறந்துட்டு. படம் எல்லாம் இரிக்கி. ஒண்டும் பழுதாகல்ல. பென் டிறைவுக்குக் குடுக்கிறன்.

சஹ்லா: குடு. … பச்சக் கோடு ஓடுது. ஓடட்டும். ஓடி முடியிற மட்டும் நம்ம கதைப்பம்.

பஸ்னா: ராத்தா, இப்ப வேணாம்.

சஹ்லா: இப்பதான். கமெரா புடிக்க உனக்குப் பழக்கினது ஆர்?

பஸ்னா: நீங்க. எடிட் பண்ண உங்களுக்குப் பழக்கினது ஆர்?

சஹ்லா: நீ. இல்லண்டு சொல்லல்ல. அப்ப எனக்கும் தெரியாம ஒரு பூட்டு எதுக்கு? ஆருக்குப் பயந்து?

பஸ்னா: வைரசுக்கு.

சஹ்லா: வைரஸ் பாஸ்வேர்ட் கேட்டா திரும்பிப் போயிருமா? எனக்கிட்டயா உண்ட கத?

பஸ்னா: நீங்க மட்டும்? உங்கட ஆமை ஆருக்குப் பயந்து கழுத்த இழுத்த?

சஹ்லா: அது வேற.

பஸ்னா: எனடதும் வேறதான்.

சஹ்லா: இஞ்ச பாரு. நீ எனட சாச்சிட மகள். கூடப்பொறக்காத தங்கச்சி. ஆனா நம்பிக்க இல்லாம ரெண்டு பேர் ஒரு ரூமுக்குள்ள வேல செய்ய ஏலா. ஹிமாயாட வேல முடியட்டும். உண்ட கமெராவ நீ எடுத்துக்க. நான் தனியச் செய்றன்.

பஸ்னா: … சரி ராத்தா.

சஹ்லா: சரியா? அவ்வளவுதானா?

பஸ்னா: நீங்க என்ன அப்படி நினைச்சா… நான் போறன்.

சஹ்லா: ஏன் பூட்டினாய் எண்டு ஒரு வார்த்த சொல்லாமயா போவாய்?

பஸ்னா: சொல்லாமப் போறதுதான் உங்களுக்கு நல்லம்.

சஹ்லா: எனக்கு நல்லமா? என்னகா சொல்றாய்?

பஸ்னா: ஒண்டுமில்ல. கோடு பாதி வந்துட்டு.

சஹ்லா: கோட்ட உடு. அழுறியா?

பஸ்னா: இல்ல. தூசி.

சஹ்லா: … சரி. நான் சொல்றன். மூத்தவள் நான்தானே. நான் பூட்டினது உனக்கில்ல பஸ்னா. எனட வீட்டு ஆளுக்கு. எனட தம்பிக்கு.

பஸ்னா: அஸ்கி காக்காக்கு?

சஹ்லா: ஓம். அவனுக்கு ஹிமாயாட தங்கச்சி நாச்சியாவப் பேசலாமெண்டு உம்மா யோசிச்சாவெல்லோ. ரெண்டு பேரும் வெளிய முகம் மூடிப் போற புள்ளயள். படமும் குடுக்கல்ல. அதுக்கு முதலே இவன் ஒரு நாள் சோறு திண்ணக்குள்ள சொல்றான்… நாச்சியாட நாடியில இரிக்கிற மறு நல்ல வடிவாம்.

பஸ்னா: நாச்சியாட நாடியில எங்க மறு? மறு ஹிமாயாக்குத்தானே!

சஹ்லா: அதுதான்! ஹிமாயாட மறு. அதுவும் மேக்கப் போட முதல் எடுத்த படத்தில மட்டும்தான் தெரியிற மறு. எழும்பி அவன ரூமுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போய்க் கேட்ட. தலையக் குனிஞ்சிட்டான். ஆணியில தொங்கின எனட ஸ்டுடியோத் திறப்ப எடுத்துக்கிட்டு வந்து பாத்திருக்கான். பாஸ்வேர்ட் எனட போன் நம்பர்தானே, அதுவும் அவனுக்குத் தெரியும்.

பஸ்னா: ஆளையும் மாறிப் பாத்திருக்காரு.

சஹ்லா: சிரிக்காத… எனக்கும் சிரிப்பு வருது, கூடவே ஆத்திரமும் வருது. அவன்ட போன வாங்கி முழுக்கப் பாத்த. ஒண்டும் எடுக்கல்ல. திறப்ப எனட இடுப்பில முடிஞ்சிக்கிட்டன். அதுவும் காணாது, பாஸ்வேர்ட மாத்தினா நீ ஏனெண்டு கேப்பாய்; அதுதான் இந்த ஆமைய வாங்கி விட்ட. உனக்கிட்ட எப்படிச் சொல்ற? ஊருப் பொண்ணுகளுக்குக் காவல் நிக்கிறன் எண்டு சொல்ற எனட வீட்டுக்குள்ள இருந்தே ஒருத்தன்… வாய் வரல்ல.

பஸ்னா: ராத்தா.

சஹ்லா: சொல்லு.

பஸ்னா: நான் பூட்டினதும் அவருக்குத்தான்.

சஹ்லா: என்ன?

பஸ்னா: நேத்தில்ல, அதுக்கு முந்தின வெள்ளிக்கிழம, ஜும்ஆ நேரம். கமெரா சாஜர விட்டுட்டுப் போயிட்டன் எண்டு எடுக்க வந்த. கதவு திறந்து கெடந்துது. உங்கட கதிரையில அஸ்கி காக்கா. என்னக் கண்டதும் ஃபேன் சத்தம் போடுதாம், பாக்க வந்தாராம்… ஸ்கிறீன்ல ஹிமாயாட ஃபோல்டர்.

சஹ்லா: நீ… கண்டியா?

பஸ்னா: கண்ட.

சஹ்லா: இவ்வளவு நாளும் எனக்கிட்ட…

பஸ்னா: எப்படிச் சொல்ற? உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க எனக்கு முன்னால தலை குனிஞ்சி நிப்பீங்க. நீங்க தலை குனிஞ்சி நான் பாத்ததே இல்ல ராத்தா. பாக்கவும் ஏலா. அதுதான், நீங்க நம்பாட்டியும் பரவால்ல, நானே போயிருவம் எண்டு…

சஹ்லா: லூசி.

பஸ்னா: நீங்க மட்டும் புத்திசாலியா?

சஹ்லா: ரெண்டு பேரும் லூசிகள்தான். கதைச்சிருந்தா ஒரு பூட்டோட முடிஞ்சிரிக்கும். ஒரே ஆளுக்கு ரெண்டு பேரும் பயந்து, ரெண்டு பேரும் மறைச்சி… கிட்ட வா. கண்ணத் தொடச்சிக்க.

பஸ்னா: கமெராவ எடுக்கட்டா, வெக்கட்டா?

சஹ்லா: கமெராவத் தொட்டா கைய முறிப்பன்.

பஸ்னா: … கோடு முடிஞ்சிட்டு.

சஹ்லா: கழட்டு. பையில போடு.

பஸ்னா: ஹிமாயாவக் கூப்பிடவா?

சஹ்லா: கூப்பிடு. அவவுக்கும் சொல்லப் போறன்.

பஸ்னா: என்னத்த?

சஹ்லா: உள்ளத.

பஸ்னா: ராத்தா! பயணம் போற புள்ள. படம் கையில கெடச்சிட்டு, இங்க உள்ளதும் அழிஞ்சிரும். இனி எதுக்கு?

சஹ்லா: ஆரும் பாத்தாங்களா எண்டு அவ நேராக் கேட்டா. நான் என்ன சொன்ன?

பஸ்னா: ஆம்பிளயள் வாறல்ல எண்டு…

சஹ்லா: பொய். நான் அந்தப் பொய்யோட லுஹர் தொழ ஏலா.

பஸ்னா: ஊரில பரவினா நமக்கு ஒரு கலியாணமும் வராது. ஸ்டுடியோவ மூடத்தான் வேணும்.

சஹ்லா: மூடுறெண்டா மூடுவம். மறைச்சி நடத்துறதிலயும் பாக்க அது நல்லம். கொம்பியூட்டரே சொல்லிட்டு, மறைச்சா நீலம்தான் எண்டு.

பஸ்னா: … அப்ப நானும் பக்கத்தில நிப்பன். ரெண்டு பேரும் சேந்துதான் சொல்ற.

சஹ்லா: வா. … ஹிமாயா! உள்ள வா தங்கச்சி.

ஹிமாயா: முடிஞ்சிட்டா ராத்தா?

பஸ்னா: இந்தா, உண்ட படம். எல்லாம் இரிக்கி, திறந்து காட்டுறன் பாரு.

ஹிமாயா: ம்… ஓம்… உம்மாட அழுகையையும் எடுத்திரிக்கீங்க. நல்ல வடிவா இரிக்கி.

சஹ்லா: இப்ப இங்க உள்ளத அழிக்கிறன். உண்ட கையாலயே அமத்து.

ஹிமாயா: அமத்திட்டன்.

பஸ்னா: குப்பைக் கூடையிலயும் இரிக்கும். அதையும் அமத்து. … போச்சு. இனி இங்க ஒண்டுமில்ல.

ஹிமாயா: சரி ராத்தா. அப்ப நான் வரட்டா?

சஹ்லா: இரி. ஒரு கத இரிக்கி.

ஹிமாயா: சொல்லுங்க.

சஹ்லா: கொஞ்சம் முன்னால நீ ஒரு கேள்வி கேட்டாய். நான் நேராப் பதில் சொல்லல்ல. உண்ட படத்த ஒரு ஆம்பிள பாத்திருக்கான் ஹிமாயா. எனட தம்பி அஸ்கி. எனட திறப்ப எடுத்து, ஆரும் இல்லாத நேரம் வந்து பாத்திருக்கான். உண்ட தங்கச்சியப் பாக்க வந்து உன்னப் பாத்திருக்கான்.

பஸ்னா: உண்ட ஃபோல்டரத் தவிர வேற ஒண்டும் திறக்கல்ல. கொம்பியூட்டரில அடையாளம் இரிக்கி, நானே தேடிப் பாத்த. கொப்பியும் எடுக்கல்ல.

சஹ்லா: போனும் பாத்தாச்சு. ஆனா பாத்தது பாத்ததுதான். காவல் காக்கிறன் எண்டு சொன்னது நான். காவல் பிழைச்சதும் எனடதான். உண்ட வீட்டில சொல்லு, மாப்புளக்கிட்ட சொல்லு, ஊருக்கே சொல்லு. நான் இல்லண்டு சொல்ல மாட்டன்.

பஸ்னா: நானும்தான். நான் கண்டும் சொல்லாம இருந்த.

சஹ்லா: ஏசு ஹிமாயா. ஏசினாலும் பரவால்ல.

ஹிமாயா: உங்கட உம்மா எங்கட வீட்ட வந்தா, நாச்சியாவக் கேட்டு.

சஹ்லா: வந்தாவா? எனக்குச் சொல்லல்லியே!

ஹிமாயா: வந்தா. நாடியில மறு இரிக்கிற புள்ளதானே, மகனுக்கு அந்த மறு நல்லாப் புடிச்சிட்டாம் எண்டு சிரிச்சிச் சிரிச்சிச் சொன்னா. எங்கட உம்மாக்கு விளங்கல்ல. நான் கதவுக்குப் பின்னால நிண்ட. எனட கை தானா நாடிக்குப் போயிட்டு.

பஸ்னா: அப்ப உனக்கு… அண்டைக்கே தெரியுமா?

ஹிமாயா: அண்டைக்கே தெரியும். அந்தச் சம்பந்தத்த உம்மாக்கிட்டச் சொல்லி அண்டைக்கே நிப்பாட்டிட்டன், காரணம் சொல்லல்ல.

சஹ்லா: தெரிஞ்சிக்கிட்டா இவ்வளவு நேரமும் முன் ரூமில பேசாம இருந்தாய்?

ஹிமாயா: படத்த வாங்க வேன்காரர அனுப்பியிருக்கலாம் ராத்தா. நீங்களா வாயத் திறந்து சொல்றீங்களா எண்டு பாக்கத்தான் நானே வந்த. சொல்லாம உட்டிருந்தா, வெளிய வேன்ல இரிக்கிற வாப்பாக்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் ஏறியிருப்பன். சொல்லிட்டீங்க, இனி எனக்கு மனசில ஒண்டுமில்ல. நாச்சியாக்கு வேற இடத்தில சரி வந்தா நீங்க ரெண்டு பேரும்தான் கமெராவோட வரணும்… உங்கட தம்பிக்கு மட்டும் அழைப்பில்ல.